வார்த்தை கவிழ்ந்தது

நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் ரூபாய்.
சென்னையில் ஒரு செய்தி நிறுவனம்
வீடியோவை எந்திரத்துக்குக் கொடுக்கும்.
எந்திரம் காதில் விழுந்ததை எழுதும்.
எழுதியதை நான் திருத்துவேன்,
தங்கச்சிமடத்தில், மாடியறையில்,
கரண்ட் இருக்கிற மணிகளில்.

கெட்டிக்கார எந்திரம்தான்.
பட்ஜெட் உரையில் ஒரு புள்ளி பிசகாது.
வங்கி, வழக்கு, வாய்தா எல்லாம் தெரியும்.
எங்கள் ஆட்கள் வாய் திறந்தால்தான்
அதற்குக் காதடைக்கும்.

கச்சான் அடிக்குது என்றால்
காற்றென்று தெரியாமல் கச்சா என்று எழுதி
எண்ணெய் விலையோடு சேர்த்துவிடும்.
நீவாடு இழுக்குது என்று
பாம்பன்காரர் ஒருவர் சொன்னதை
நீ வாடு என்று இரண்டாகப் பிளந்திருந்தது.
கடலின் இழுப்பு
யாரோ யாருக்கோ விட்ட சாபமாகியிருந்தது.
அன்றைக்குச் சிரித்தேன்.
கிளாடிஸுக்கு அனுப்பினேன்.
மூன்று மஞ்சள் முகங்கள் திரும்பி வந்தன.

போன ஆடி, ஒரு வெள்ளி, இரவு பத்தேகால்.
புது வேலை. இரண்டு நிமிடம் பன்னிரண்டு நொடி.
அவசரம் என்று சிவப்பில்.
முதல் வரி:
வார்த்தை கவிழ்ந்தது.
அடுத்தது:
வார்த்தையில போன ரெண்டு பேரும் கரையேறல.

வார்த்தையை அழித்து
வத்தை என்று அடித்தேன்.
கை தானாக அடித்தது.
அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்.
நீலச் சுற்றுச்சுவர்.
கொடியில் என் பச்சை நைட்டி.

என் தெருவில் யாரோ எடுத்தது
கோபுரம் ஏறி, ஊர் ஊராகத் தாண்டி,
எங்கேயோ ஒரு குளிர்ந்த அறையில் படுத்தெழுந்து
என் தெருவுக்கே திரும்பியிருக்கிறது,
நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு
ஒரு விவாகரத்து வழக்கைத் திருத்திய நேரத்தில்.

நாற்பத்தோராவது நொடியில்
ரெஜினம்மா அழுகிறாள்.
அடுத்த வீடு.
ஒரு காதிலிருந்து கழற்றினேன்.
சன்னல் வழியாகவும் அவள்தான்.
வலது காதில் எட்டு மணி அழுகை.
இடது காதில் இந்த நேரத்து அழுகை,
தொண்டை கட்டி.

அந்த ஆறு நொடிக்கு
எந்திரம் எழுதியிருந்தது:
[இசை]

இதற்கு முன்னே எத்தனை [இசை]யை
அப்படியே விட்டுக் காசு வாங்கினேனோ.
ஆஸ்பத்திரி வாசல்கள், பட்டாசு ஆலை வாசல்கள்.
எனக்குத் தெரியாத தெருக்கள்.

பட்டியலைத் திறந்தேன்.
இசை. சிரிப்பு. கைதட்டல். தெளிவில்லை.
நாலே நாலு.
தெளிவில்லை மேல் விரல் போனது.
இதைவிடத் தெளிவாக என்ன கேட்க வேண்டும்?

திறந்தது திறந்தபடி விட்டுக் கீழே இறங்கினேன்.
அவள் வாசலில் நாலைந்து செல்போன் வெளிச்சம்.
ஒன்றைக் கையால் மறைத்தேன்.
‘அக்கா, லைவ் போயிட்டு இருக்கு’ என்றான்.
எடுக்கவில்லை கையை.

கால் மணி நேரம் தொடாததால்
வேலை வேறொருவருக்குப் போயிற்று.
அவர் [இசை]யை விட்டுவிட்டார்.
குறை சொல்ல மாட்டேன்.
அவர் சன்னலில் வேறு சத்தம் இருந்திருக்கும்.

புருஷன் மூன்றாம் நாள்
அரிச்சல்முனைப் பக்கம் ஒதுங்கினான்.
தம்பி இன்னும் இல்லை.
அதற்குள் செய்தி கீழே கீழே போய்
பேர் சொல்லித் தேடினால் மட்டும் வருகிற
ஆழத்தில் கிடந்தது.
ரெஜினம்மாவுக்கு அதைத் தேடிக் கொடுத்தது நான்தான்.
சத்தத்தை அணைத்துக் கொடுத்தேன்.
எழுத்தை அணைக்க மறந்துவிட்டேன்.
அவள் படித்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

எந்திரம் இப்போது தேறிவிட்டது.
நாங்கள் திருத்தத் திருத்தப் படித்துக்கொள்கிறதாம்.
போன வாரம் மேடையில் ஒரு அமைச்சர்
மீனவர்களுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்போம் என்றார்.
திரையில்:
மீனவர்களுக்குக் கொடுத்த வத்தையைக் காப்போம்.

ஒரு சொல்தான். திருத்தலாம்.
படித்தேன்.
இன்னொரு தரம் படித்தேன்.
சரி என்று அழுத்திவிட்டு
அடுத்ததைத் திறந்தேன்.